கிடப்பு ஒப்புதல் கொடுத்த பாலம்

அலுவலகத்தில் அவருக்குக் 'கிடப்பு' என்று பெயர். யார் முதலில் வைத்தது என்று தெரியவில்லை. வைத்தவர் ஓய்வு பெற்றுப் போயிருக்கலாம். பெயர் ஓய்வு பெறவில்லை. பாலங்களின் வரைபடங்களையும் கணக்குகளையும் சரிபார்க்கும் பிரிவில் அவர் பரிசீலனைப் பொறியாளர். ஒரு பாலம் காகிதத்திலிருந்து ஆற்றுக்குப் போக வேண்டுமென்றால் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். பல கோப்புகள் தாண்டின. சில தாண்டவில்லை. தாண்டாதவை மேஜைக்கு இடப்பக்கம், சுவரோரமாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சோம்பல். ஒப்பந்தக்காரர்களில் சிலர் அவர் எதையோ எதிர்பார்க்கிறார் என்று நினைத்து வந்து, ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்ததும் இன்னும் குழம்பிப் போனார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் விஷயம் தெரியும். கிடப்பிடம் ஒரு கோப்பு படுத்துவிட்டது என்றால் அதில் அவருக்கு ஏதோ சந்தேகம். அதை அவர் எழுதமாட்டார். சில வாரம் போகும். பிறகு தலைமைப் பொறியாளர் உள்தொலைபேசியில் கூப்பிடுவார்.

"என்னய்யா, உட்கார்ந்திருக்கா?"

"உட்கார்ந்திருக்கு சார்."

"எந்தப் பக்கம்?"

"உத்தரத்துப் பக்கம் சார்."

அவ்வளவுதான் பேச்சு. தலைமைப் பொறியாளர் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, பொதுவாக, உத்தரத்தின் கணக்கை இன்னொரு முறை பார்த்துவிடுங்களேன் என்பார். திருத்திய தாள்கள் வரும். பழைய தாள்கள் போகும். கோப்பு எழுந்து நடக்கும். மறுத்தவர் என்று ஒருவர் பெயரும் எங்கும் இருக்காது. பல வருஷம் இப்படி நடந்தது. அந்த வருஷங்களில் அவர் பிரிவைத் தாண்டிய பாலம் எதுவும் விழவில்லை.

இதை நேர்மை என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நேர்மைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். ஒரு மனிதர் தவறுக்குத் துணைபோக மறுக்கிறார். ஆனால் மறுப்பதையும் யார் கண்ணிலும் படாமல் மறுக்கிறார். அந்த மறுப்பைப் படிக்கத் தெரிந்த நாலு பேர் சுற்றிலும் இருக்கும் வரைதான் அது மறுப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் ஒரே ஒரு கோப்பில், மையால், 'இவ்வடிவமைப்பை ஏற்க இயலாது' என்று எழுதியிருக்கிறார். காரணங்களையும் எழுதினார். காரணங்கள் சரியானவை. மறுமாதம் அவரைச் சாலை உருளைகளும் தார்ப் பீப்பாய்களும் நிற்கும் ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். ஊரைவிட்டுத் தொலைவு. மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. மகள் பிறந்த செய்தி அவருக்குத் தந்தியில் வந்தது. நேரில் பார்த்தபோது அந்தக் குழந்தை உட்காரக் கற்றுக்கொண்டு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று அழுதது. திரும்பி வந்தபின் அவர் அந்தச் சொற்றொடரை எழுதவேயில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சூடு கண்ட பூனை.

வீட்டிலும் அப்படித்தான் இருந்தார். மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஒரு மனை வாங்கலாமா என்று கேட்டால் செய்தித்தாளைத் திருப்புவார். ஒரு வாரம் கழித்து மனைவியே, "சரி, வேணாங்கிறீங்க. விக்கிறவன்கிட்ட சொல்லிடறேன்" என்பார். மனைவியின் தம்பி நகரப் பேருந்து ஓட்டுநர். பணிமனை பக்கத்திலேயே இருந்ததால் மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். "அத்தானோட பேசுறதும் சிவப்பு விளக்குல நிக்கிறதும் ஒண்ணு" என்பான். "நாமளா பார்த்துத்தான் கிளம்பணும்."

கோப்புகளைக் கணினிக்கு மாற்றும் வேலை ஒரு கோடையில் தொடங்கியது. அலமாரிகள் காலியாயின. தூசி போயிற்று. சாலை கேட்டும் குடிநீர்க் குழாய் கேட்டும் மனுப் போட்டவர்கள் வருஷக்கணக்கில் ஏறி இறங்கிய படிக்கட்டு அந்தக் கட்டடத்துடையது. இனி எந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார்கள். பலர் மகிழ்ந்தார்கள். அதில் நியாயம் இருந்தது. கிடப்பைப் போல நல்ல காரணத்துக்காகக் கோப்பைப் படுக்கவைத்தவர்கள் அந்தக் கட்டடத்தில் மிகக் குறைவு.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். நடுவயது, பொறுமையானவர், ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டாலும் நாலு முறையும் முதல் தடவை போலவே பதில் சொல்வார். திரையில் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் ஒரு வட்டம். வந்ததும் பச்சை. நாள் ஆக ஆக மஞ்சள். பிறகு சிவப்பு.

"சிவப்பான பிறகும் பார்க்கலைன்னா என்னம்மா?" என்று கேட்டார் பக்கத்து மேஜைக்காரர். கட்டடத்தின் எல்லாச் செய்தியும் முதலில் அவர் வாயில்தான் வரும் என்பதால் அவரை ரேடியோ என்பார்கள்.

"ரெண்டு வாரம் தாண்டினா தானா மேல போயிடும் சார். அடுத்த அதிகாரிக்கு."

"நல்லதாப் போச்சு. இவர் மேஜையில இருந்து ஏதாவது தானா போனாத்தான் உண்டு."

அறை சிரித்தது. கிடப்பும் சிரித்தார். தானாகப் போகும் கோப்பு என்ன குறிப்போடு போகும் என்று யாரும் கேட்கவில்லை. காலியான குறிப்பு என்றால் சந்தேகம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை யார் கேட்பார்கள்?

அந்த மாதத்தில்தான் ஆற்றுப்பாலத்தின் கோப்பு வந்தது. நகரத்தின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் பழைய பாலம். காலையும் மாலையும் அதன்மேல் வண்டிகள் நிற்கும் நேரம்தான் அதிகம். புதுப் பாலம் கட்டப் பல வருஷம் ஆகும் என்பதால், பழைய தூண்களிலேயே இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் உத்தரம் நீட்டி, பக்கத்துக்கு ஒரு தடம் அகலப்படுத்துவது திட்டம். வரைபடம் அழகாக இருந்தது. உத்தரக் கணக்கு சரி. கம்பிக் கணக்கு சரி. கிடப்பு ஆற்றுப்படுகையின் அளவுகளுக்கு வந்தார். ஒவ்வொரு தூணின் காலடியிலும் படுகை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற அளவுகள், 'அண்மையில் எடுக்கப்பட்டவை' என்ற குறிப்போடு இருந்தன.

அவருக்கு அந்த எண்களை எங்கேயோ பார்த்த ஞாபகம். பழைய பாலத்தின் மூல வரைபடத்தைத் தேடித் திறந்தார். அதே எண்கள். கடைசி இலக்கம் வரை அதே. பாலம் கட்டிய வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் ஆறு தன் படுக்கையைக் கலைக்காமல் வைத்திருக்கிறது என்று அந்தத் தாள் சொன்னது. எந்த ஆறும் அப்படி இருப்பதில்லை. வெள்ளம் வரும்போது தூணின் காலடி மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும். வடியும்போது கொஞ்சம் தளர்ந்த மண்ணைக் கொண்டுவந்து குழியை மூடும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. யாரும் ஆற்றில் இறங்கவில்லை. பழைய எண்களைப் பெயர்த்து எழுதியிருக்கிறார்கள். தூணுக்குக் கீழே இப்போது என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல், அதன்மேல் இன்னும் இரண்டு தடத்தின் பாரம்.

திரையில் மூன்று பொத்தான்கள் இருந்தன. ஒப்புதல். நிராகரிப்பு. திருப்பி அனுப்பு. அவர் மூன்றாவதை அழுத்தினார். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வரைபடத்தின் அளவு பொருந்தவில்லை, கையொப்பம் இல்லை, இணைப்பு விடுபட்டது என்று ஒரு வரிசை. சந்தேகம் என்று ஒன்று அதில் இல்லை. கடைசியில் 'பிற' என்று இருந்தது. அதைத் தொட்டதும், ஆதாரத்தை இணைக்கவும், இணைக்காமல் அடுத்த பக்கம் செல்ல இயலாது என்றது. இரண்டு தாளில் எண்கள் ஒன்றாக இருப்பது ஆதாரம் ஆகுமா? படுகை மாறவில்லை என்று அவர்கள் சொன்னால் மாறியது என்று நிரூபிப்பது யார்? அதோடு, 'பிற' என்று அனுப்பினால் அது அவர் பெயரில் போகும். தார் வாசனை அவர் மூக்குக்குள் வந்திருக்க வேண்டும். பக்கத்தை மூடினார்.

வட்டம் மஞ்சளாயிற்று. சிவப்பாயிற்று. ஒரு காலையில் வரிசையில் அந்தக் கோப்பு இல்லை. மேலே போய்விட்டது, காலியாகப் போயிருக்கிறது, தலைமைப் பொறியாளர் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார் என்று இருந்தார். 'எந்தப் பக்கம்' என்று கேட்டால் 'காலடியில் சார்' என்று சொல்லவேண்டும். வாயில் அந்தச் சொல்லைத் தயாராக வைத்திருந்தார்.

உள்தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும் அடிக்கவில்லை. கழிப்பறைக்குப் போகும் வழியில் தலைமைப் பொறியாளரின் கதவு பாதி திறந்திருக்கும்; உள்ளே அவர் திரையைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாக இருந்தார். ஒரு முறை நிமிர்ந்து பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைதான் கிடப்பை முதலில் பயமுறுத்தியது.

செய்தி ரேடியோ வழியாக வந்தது.

"யோவ், உமக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கு. கிட்ட வந்து பாரும். துறையிலேயே வேகமா ஒப்புதல் வாங்கின திட்டமாம், ஆற்றுப்பாலம். முதல் பேரு உம்ம பேரு. இனிமே உம்மைக் கிடப்புன்னு கூப்பிட முடியாது. பறப்புன்னுதான் கூப்பிடணும்."

கிடப்பு எழுந்து வந்து அந்தத் திரையைப் பார்த்தார். கோப்பின் நடை முழுவதும் அதில் இருந்தது. அவர் பெயர், பதவி, பச்சைக் குறி. பக்கத்தில் ஒரு வரி: 'பரிசீலிக்கப்பட்டது. ஆட்சேபணை இல்லை.' கீழே அவருடைய மின்கையொப்பம்.

"இதை நான் எழுதலை" என்றார்.

"நீர் எதைத்தான் எழுதினீர்? மௌனம் சம்மதம்னு பெரியவங்க சொன்னதுதானே. மெஷின் என்ன புதுசாவா சொல்லுது?"

பயிற்சி கொடுத்த பெண் கீழ்த்தளத்தில் உதவி மேஜையில் இருந்தார். கிடப்பு படியிறங்கிப் போய்க் கேட்டபோது அவர் ஆறுதலாகவே பேசினார்.

"நீங்க எழுதலை சார். உங்களுக்காக சிஸ்டம் எழுதிச்சு. ரெண்டு வாரத்துல எதிர்ப்பு வரலைன்னா ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கும். அதுதானே நியாயம்? எதிர்ப்பு இருந்தா சொல்லியிருப்பீங்கல்ல."

"சொன்னேனே. வச்சிருந்தேனே."

அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. தவறு அவருடையதில்லை. "எதை சார் வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

கிடப்பு தலைமைப் பொறியாளரின் அறைக்குப் போனார். அவர் உட்காரச் சொன்னார்; கிடப்பு உட்காரவில்லை. படுகை அளவுகளைப் பற்றிச் சொன்னார். அந்த அறையில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் முறை. கேட்கக் கேட்கத் தலைமைப் பொறியாளரின் முகம் சுண்டிப்போயிற்று.

"நீ விட்டுட்டேன்னு பார்த்ததும் நான் கோப்புக்குள்ளேயே போகலையய்யா. கிடப்பே ஆட்சேபணை இல்லைங்கிறான், அப்புறம் நான் என்ன பார்க்கிறது? கண்ணை மூடிட்டுப் போட்டேன். எனக்கு மேல இருக்கிறவரும் அப்படித்தான் போட்டாராம்."

"நான் விடலை சார். வச்சிருந்தேன்."

"எங்கே வச்சிருந்தே? அங்கே வைக்க இடமே இல்லையேய்யா."

வெளியே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு தலைமைப் பொறியாளர் தணிந்த குரலில் சொன்னார்: "வேலை ஆரம்பிச்சாச்சு. பாராட்டும் வந்தாச்சு. இப்ப வேணாம்னா நீதான் எழுதணும். எழுது, நான் தடுக்க மாட்டேன். ஆனா என்ன கேப்பாங்கன்னு தெரியும்ல? அன்னைக்கு ஆட்சேபணை இல்லைன்னியே, அது பொய்யா? இல்லை, பார்க்காமலே இருந்தியா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லித்தான் ஆகணும்."

ஒரு மனிதனின் நல்ல பெயர் அவனுக்கு எதிராகவே திரும்பும் விதங்கள் பல. அவரை யாரும் நம்பாதிருந்தால் மேலே இருப்பவர்கள் கோப்பைத் திறந்து பார்த்திருப்பார்கள். எளிதில் விடமாட்டார் என்று பேர் எடுத்தவர் விட்டதாகத் தெரிந்ததால், அவருக்கு மேல் எல்லாக் கதவும் தாமாகத் திறந்துகொண்டன.

வீட்டில் அன்று அவர் செய்தித்தாளை எடுக்கவில்லை. மனைவியிடம் முழுவதும் சொன்னார். மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்; பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க மௌனம் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிப் படிச்சிருக்கேன். அந்த மெஷின் உங்களோட என்னைக்குக் குடித்தனம் பண்ணிச்சு?"

அவர் பேசாமல் இருந்தார்.

"இப்பவும் பாருங்க, பேசாம இருக்கீங்க. என் தம்பி அந்தப் பாலத்துல ஒரு நாளைக்கு எத்தனை நடை போறான்னு தெரியுமா உங்களுக்கு?"

"எழுதறேன்" என்றார் அவர்.

எழுதினார். தூணின் காலடி அளவுகள் புதிதாக எடுக்கப்பட்டவையல்ல என்றும், ஆற்றில் இறங்கி அளக்கும்வரை வேலையை நிறுத்தவேண்டும் என்றும், முந்தைய குறிப்பு தன் கருத்தல்ல என்றும், அதை மறுக்காமல் விட்டது தன் பிழை என்றும் எழுதினார். இரண்டு வரைபடங்களையும் இணைத்தார். எழுதி முடித்து நாற்காலியில் சாய்ந்தார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் பெயருக்கு மேலே அவருடைய சொற்களே இருந்தன. தாமதமாக வந்த துணிவு துணிவாகுமா என்பது எனக்கு உறுதியில்லை. வந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அந்த ஆட்சேபணை தலைமைப் பொறியாளரின் திரைக்குப் போயிற்று. அவர் அதை ஏற்கவில்லை. மறுக்கவும் இல்லை. கிடப்பு இரண்டு முறை அறை வாசலுக்குப் போய் நின்றார். "பார்க்கிறேன்யா, பார்க்கிறேன்" என்றார் தலைமைப் பொறியாளர். வட்டம் மஞ்சளாயிற்று, சிவப்பாயிற்று. பிறகு ஒரு நாள் கோப்பில் புதிய வரி இருந்தது: 'ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது.'

முதல் முறை நடந்தது அறியாமை. இரண்டாவது அப்படியல்ல. தலைமைப் பொறியாளர் புதிய ஏற்பாட்டைக் கிடப்பைவிட வேகமாகக் கற்றுக்கொண்டுவிட்டார். கிடப்பின் எழுத்தை அவர் மறுக்கவே வேண்டியிருக்கவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும். பழைய காலத்தில் சும்மா இருந்தால் வேலை நின்றது. இப்போது சும்மா இருந்தால் வேலை நடந்தது.

பாலத்தின் பக்கவாட்டில் கம்பிகள் நீண்டன, பலகைகள் ஏறின, கான்கிரீட் விழுந்தது. கிடப்புக்கு மாற்றல் ஏதும் வரவில்லை. விசாரணையும் வரவில்லை. ஆட்சேபணை முடிந்துவிட்டதால் விசாரிக்க ஒன்றுமில்லை. அகலமான பாலம் திறக்கப்பட்டது. முன்பு ஊரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த கனரக லாரிகள், இடம் கிடைத்ததும் பாலத்தின் வழியாக வரத் தொடங்கின.

ஒரு விடுமுறை நாள் மதியச் சாப்பாட்டின்போது மைத்துனனிடம் நேராகவே சொன்னார்.

"மாப்ளே, அந்தப் பாலத்துல போகாதே."

அவன் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான். "என்ன அத்தான் இது? எங்க அத்தான் பார்த்து விட்ட பாலம்னு பணிமனை பூரா நான் பெருமை அடிச்சுக்கிட்டு இருக்கேன். பாலத்துல வச்சிருக்கிற போர்டுல உங்க பேர் கூட இருக்காமே."

"அது நான் விட்டதில்லை."

"வேற யாரு விட்டாங்க?"

பெயர்கள் நிறைய இருந்தன; முடிவு எடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. மனைவி குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டேய், அவர் விளையாட்டுக்குச் சொல்ற ஆளா? வேற ரூட் கேளு."

"கேக்கலாம் அக்கா. எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது? பாலம் விழுந்துடும்னு எங்க அத்தான் சொல்றார்னா? அவர்தானே ஒப்புதல் குடுத்தவர்னு திருப்பிக் கேப்பானே. சரி, நான் மாறிட்டேன்னே வச்சுக்க. என் வண்டியை வேற ஒருத்தன் ஓட்டுவான். அவனுக்கு அக்கா இல்லையா?"

அதன்பிறகு கிடப்பு தினமும் காலையில் மைத்துனனின் பேருந்தில் ஏறினார். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை. அக்கரைக்குப் போய், அடுத்த வண்டியில் திரும்பி, அலுவலகத்துக்குத் தாமதமாக வந்தார். ஏன் என்று மைத்துனன் கேட்கவில்லை. கையெழுத்துப் போட வேறு இடம் இல்லாததால் தன்னையே கொண்டுபோய் அங்கே வைத்தார் என்று நான் நினைக்கிறேன். நடத்துநர் மட்டும், "சார், பாலத்தைக் கூட்டிட்டுப் போயிட்டு வர்றீங்களா, பாலம் உங்களைக் கூட்டிட்டுப் போகுதா?" என்று கேலி செய்வார். ஜன்னலில் தலையை நீட்டி அவர் தூண்களின் காலடியையே பார்த்துக்கொண்டிருப்பார். கோடையில் அங்கே மணல். ஒன்றும் தெரியாது.

மழை வந்தது. மேட்டுப் பகுதிகளில் பெய்த மழை முதலில் நிறமாக வந்தது, பிறகு உயரமாக. தூண்களின் பழைய நீர்க்கோடு மறைந்தது. குப்பையும் கிளைகளும் தூண்களில் சிக்கி, தண்ணீர் அவற்றைச் சுற்றித் திரும்பி ஓடியது. மற்ற எல்லாத் தூண்களிலும் அது வெளிப்பக்கமாகப் பிளந்து போயிற்று. மூன்றாவது தூணில் மட்டும் ஒரு காலையில், தூணை ஒட்டி ஒரு சுழல் உள்நோக்கித் திரும்பிக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததை, பேருந்து பாலத்தை நெருங்கும் வளைவில் அவர் பார்த்தார். அடியில் மண் இருந்தால் தண்ணீருக்கு அப்படி இறங்க இடம் இருக்காது.

"நிறுத்து" என்றார்.

மைத்துனன் கண்ணாடியில் பார்த்தான்.

"நிறுத்து மாப்ளே. வண்டியைக் குறுக்கே போடு."

அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை. பாலத்தின் வாயிலில் பேருந்தைச் சாய்வாகத் திருப்பி, போகும் பக்கத்தை அடைத்து நிறுத்தினான். பின்னால் லாரி ஒன்று ஹாரனை அழுத்திப் பிடித்தது. அதற்குப் பின்னால் இன்னும் பல.

"என்னப்பா, நடு வழியில?"

"வேலைக்குப் போறவங்க நாங்க. உங்க அத்தானுக்குப் பொழுது போகலைன்னா நாங்க என்ன பண்றது?"

"ஆளை இறக்கிவிட்டுட்டு எடு வண்டியை."

மைத்துனன் சாவியைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "எதுவா இருந்தாலும் அவர்கிட்ட கேளுங்க" என்றான். முகம் வெளுத்திருந்தது. வேலை போகும் என்பது அவனுக்குத் தெரியும்.

கிடப்பு இறங்கிப் பாலத்தின் வாயிலில் நின்றார். பேருந்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போகும் இடைவெளி இருந்தது. அதன் வழியாக இருசக்கர வண்டிகள் நுழைந்து போய்க்கொண்டிருந்தன. அவர் கையை நீட்டினார். கையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடைபடாத எதிர்ப்பக்கத் தடத்தில் வந்த ஒரு லாரி பாலத்தைக் கடந்து, அவரைத் தாண்டி, ஒன்றும் நடக்காமல் போயிற்று. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். இப்படி ஒவ்வொரு வண்டியும் பத்திரமாகக் கடக்கக் கடக்க அவர் பொய்யராகிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. விழட்டும். ஒரு கணம்தான். ஒருவரும் மேலே இல்லாத நேரமாகப் பார்த்து, இப்போதே, எல்லோர் கண்முன்னும் விழட்டும். ஆனால் ஒருவரும் மேலே இல்லாத நேரம் என்று அங்கே இல்லை. வரிசை அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது. அது தெரிந்தும்தான் அந்த நினைப்பு வந்தது. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுவர் லேசாக அதிர்ந்தது. லாரிகளாலா, தண்ணீராலா, தன் கையாலா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பேருந்திலிருந்து இறங்கிய ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்களைப் போல அவள் திட்டவில்லை.

"நடந்து போயிடலாமா ஐயா? அந்தப் பக்கம் டாக்டரைப் பார்க்கணும். பிள்ளைக்குக் காய்ச்சல்."

"வேணாம்மா. போகாதே. பாலம் சரியில்லை."

அவள் பாலத்தைப் பார்த்தாள். புதுக் கான்கிரீட், புது வண்ணம், போய்க்கொண்டிருந்த மனிதர்கள். பிறகு அவரைப் பார்த்தாள். நனைந்த சட்டை, சுவரைப் பிடித்த கை.

"நீங்க யாருங்க ஐயா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். போலீஸ் என்றோ, எதையாவது ஒன்றை. தார்க் கிடங்கிலிருந்து திரும்பிய நாளிலிருந்து நேரடியாகப் பதில் சொல்லிப் பழகாதவர், அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னார்.

"இந்தப் பாலத்துக்கு ஒப்புதல் குடுத்தவன்மா நான்."

அவள் முகம் தெளிந்தது. "அப்புறம் என்னங்க?" என்றாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்து, முந்தானையால் அதன் தலையை மூடிக்கொண்டு, இடைவெளி வழியாக நுழைந்து நடக்கத் தொடங்கினாள். அவர் கூப்பிட்டார். ஹாரன் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவள் மூன்றாவது தூணை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.